புகையை வேலை வாங்கிய பொறியாளர் – ஆல்ஃபிரட் பியூகி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வீண் என்று உலகம் ஒதுக்கித் தள்ளும் பொருளிலும் பயனைக் காண்பவரே உண்மையான அறிவாளர். மாட்டுத் தொழுவத்துச் சாணத்தை எருவாக்கி வயலுக்குக் கொடுத்தான் நம் உழவன். சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் இட்டு, அந்த நெருப்பாலேயே ஆலையை ஓட்டுகிறார்கள் நம் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள சர்க்கரை ஆலைத் தொழிலாளர்கள். ஆனால் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையைப் பிடித்து வேலை வாங்க முடியுமா? முடியும் என்று சொன்னார் ஒருவர். அதை மெய்ப்பிக்க இருபது ஆண்டுகள் காத்திருந்தார், உழைத்தார், வென்றும் காட்டினார். அவரே சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி. இன்று உலகெங்கும் லாரி, கப்பல், டிராக்டர் ஆகியவற்றில் இடம்பெற்றுள்ள டர்போசார்ஜர் என்னும் கருவியின் தந்தை அவர்.

வெப்ப இயக்கவியல் வகுப்பில் அவர் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது நாங்கள் சிரித்துவிட்டோம். ஆங்கில எழுத்துகளைக் கண்டு நம் வழக்கப்படி படித்தால் அப்பெயர் பூச்சி என்று ஒலிக்கும்! பெயரைக் கேட்டுச் சிரித்த நாங்கள், அவர் வரலாற்றைக் கேட்டபின் வாயடைத்துப் போனோம். அந்த வரலாற்றை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்தின் வடபகுதியில் சூரிச் நகருக்கு அருகே விண்டர்தூர் என்றொரு தொழில் நகரம் உண்டு. நீராவி எஞ்சின்களுக்கும் நெசவு எந்திரங்களுக்கும் பெயர்பெற்ற சுல்சர் நிறுவனம் வளர்ந்தது அந்நகரில்தான். அந்நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்த யோகான் பியூகியின் மகனாக 1879ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் ஆல்ஃபிரட் பிறந்தார்.

அதே 1879ஆம் ஆண்டில் அந்நகரில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. மியூனிக் நகரில் பொறியியல் பயின்ற ஓர் இளைஞர், குடற்காய்ச்சல் கண்டதால் இறுதித் தேர்வை எழுத இயலாமல் போனார். அடுத்த தேர்வு வரும்வரை வீணே இராமல், சுல்சர் பட்டறைக்கு வந்து தொழில் பழகினார். அவர்தான் பின்னாளில் தம் பெயரையே ஓர் எஞ்சினுக்கு அளித்த ருடால்ஃப் டீசல்! டீசல் எஞ்சினைப் படைக்கப் போகிறவர் பட்டறையில் கைகளில் எண்ணெய்க் கறையோடு நின்ற ஆண்டில், அந்த எஞ்சினுக்குப் புதிய மூச்சைத் தரப் போகிறவர் அதே ஊரில் தொட்டிலில் கிடந்தார். வரலாறு சில வேளைகளில் கதாசிரியரையும் மிஞ்சிவிடுகிறது.

எந்திரங்களின் ஓசையைக் கேட்டே வளர்ந்த ஆல்ஃபிரட், சூரிச் நகரின் புகழ்பெற்ற கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து எந்திரப் பொறியியல் பயின்றார். 1903ஆம் ஆண்டு பட்டம் பெற்றபின் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பணியாற்றினார். இவ்வாறு ஊர் விட்டு ஊர் சென்று எஞ்சின்களோடு பழகிய காலத்தில்தான் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி முளைத்தது.

எஞ்சினின் காற்றுப் பசி

அக்கேள்வியைப் புரிந்துகொள்ள எஞ்சினின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். எஞ்சினுக்கு உணவு டீசல் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ காற்று தேவை. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று! டீசலைப் பம்பு மூலம் வேண்டிய அளவு உள்ளே செலுத்திவிடலாம். காற்றை அப்படிச் செலுத்த முடியாது. பிஸ்டன் கீழிறங்கும்போது உருளையில் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவுதான் உள்ளே வரும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகையாகிவிடும்.

உயரம் ஏற ஏற இந்தக் குறை பெருகும். நம் கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். 2,500 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 9 விழுக்காடு குறைந்துவிடும். கச்சிராயபாளையத்திலிருந்து உரமூட்டைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலை நோக்கிச் செல்லும் பழைய டிராக்டர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முனகிக்கொண்டு புகை கக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். பாரமும் ஏற்றமும் முதற்காரணங்கள். மெலிந்த காற்று அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

மற்றொரு புறம், எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்ற உதவுகிறது. ஒரு பங்கு, குளிர்விக்கும் நீரோடு போகிறது. இன்னொரு பங்கு, பல நூறு டிகிரி வெப்பமுள்ள புகையாகச் சைலன்சர் வழியே வானில் கலந்துவிடுகிறது. எஞ்சினோ காற்றுக்காக ஏங்குகிறது. அதன் புகையோ ஆற்றலைச் சுமந்துகொண்டு வீணே ஓடுகிறது. ஏன் இந்தப் புகையைக் கொண்டே காற்றை உள்ளே தள்ளக்கூடாது? இதுவே பியூகியின் உள்ளத்தில் எழுந்த கேள்வி.

இருபத்தாறு வயதில் ஒரு காப்புரிமை

1905ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் ஜெர்மனியில் அவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 204630 என்பது அதன் எண். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுற்ற வேண்டும். சுழலியோடு ஒரே தண்டில் இணைந்த மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். இதுவே அவர் கருத்தின் சாரம். அதிகக் காற்று புகுந்தால் அதிக டீசலை எரிக்கலாம். எஞ்சின் பருமன் கூடாமலே வலு கூடும். புதிதாக எரிபொருள் செலவிட்டு அந்தச் சக்கரத்தைச் சுற்றவும் வேண்டியதில்லை. வீணாகும் புகையே அதைச் சுற்றிவிடும்.

காகிதத்தில் எவ்வளவு எளிது! ஆனால் காகிதத்துக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தொலைவு கள்ளக்குறிச்சிக்கும் சூரிச்சுக்கும் உள்ள தொலைவைவிடப் பெரிது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார்.

இருபது ஆண்டுத் தவம்

தாயகம் திரும்பிய பியூகி, தந்தையார் பணியாற்றிய சுல்சர் நிறுவனத்திலேயே டீசல் எஞ்சின் ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்தார். 1911ஆம் ஆண்டு அங்கே சோதனைகள் தொடங்கின. 1915ஆம் ஆண்டு முதல் மாதிரி உருவாயிற்று. உயரத்தில் மெலிந்த காற்றால் வானூர்தி எஞ்சின்கள் இழக்கும் வலுவை மீட்டுத் தருவது அதன் நோக்கம். ஆனால் நம்பி ஓட்டும் தரத்தை அது எட்டவில்லை.

காரணங்கள் பல. செந்தழல் போன்ற புகையில் ஓயாது சுழலும் சக்கரத்துக்கு ஏற்ற உலோகம் அன்று அரிது. காற்றை அமுக்கும் சக்கரங்களின் திறனும் குறைவு. தாங்கிகள் அவ்வேகத்துக்குப் பழகியவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா உருளைகளின் புகையும் ஒரே குழாயில் கலந்தபோது ஓர் உருளை விட்ட மூச்சு மற்றோர் உருளையின் மூச்சை முட்டியது. வெளியேற வேண்டிய சூடான புகை உள்ளேயே தேங்கியது.

இதற்கிடையில் மற்ற நாட்டாரும் இதே வழியில் முயன்றனர். பிரான்சில் ராத்தோ என்னும் பொறியாளர் வானூர்திக்கென இத்தகைய கருவியைச் செய்தார். அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் 1918ஆம் ஆண்டு ஒரு வானூர்தி எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கே கொண்டுபோனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின் மலையுச்சியில் 230 குதிரைத்திறனுக்கு இறங்கிவிட்டது. கருவியைப் பூட்டியதும் மீண்டும் 356 குதிரைத்திறனுக்கு ஏறியது! பியூகியின் கருத்து பொய்யல்ல என்பதற்கு மலையே சாட்சி சொல்லிற்று. என்றாலும் அது சில மணி நேரம் பறக்கும் வானூர்திக்கான ஏற்பாடு. நாள் கணக்கில், மாதக் கணக்கில் ஓட வேண்டிய டீசல் எஞ்சினுக்கு எவ்வாறு பொருத்துவது? அந்த முடிச்சு அவிழாமலே இருந்தது.

இருபது ஆண்டுகள்! நாம் ஒரு தேர்வில் ஒரு தாள் நின்றுவிட்டாலே உலகம் இருண்டுவிட்டதாக எண்ணுகிறோம். இருபத்தாறு வயதில் கண்ட கனவைத் தோல்விகளுக்கிடையே நாற்பத்தாறு வயதுவரை விடாமல் சுமந்த அம்மனிதரின் உறுதியை என்னவென்பது!

கடலில் கண்ட வெற்றி

1925ஆம் ஆண்டு முடிச்சு அவிழ்ந்தது. அந்த விடைதான் பியூகியின் மேதைமைக்குச் சிறந்த சான்று. அவர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, ஒன்றையொன்று முட்டாத உருளைகளாகப் பார்த்துக் கூட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டுக்கும் குறுகலான தனிக் குழாய் அமைத்தார். ஒவ்வொரு உருளையின் புகையும் துடிப்புக் குன்றாமல் சுழலியைச் சென்று தாக்கியது. இரண்டாவது, காற்று உள்ளே வரும் கதவும் புகை வெளியேறும் கதவும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கச் செய்தார். அந்தச் சிறு நேரத்தில் புதிய காற்று பாய்ந்து, மிச்சமிருந்த புகையைத் துடைத்தெறிந்து, பிஸ்டனின் தலையையும் கதவுகளையும் குளிர்வித்தது.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். காற்றை மேலும் மேலும் திணிப்பதில் மட்டும் அவர் வெற்றி பெறவில்லை. பழைய புகையை முதலில் வெளியேற்றினார், சூட்டைத் தணித்தார், அதன் பிறகே அதிகமாக ஊட்டினார். தாங்கும் வலுவை முதலில் தந்துவிட்டுப் பின்னர் பாரத்தை ஏற்றினார்.

விளைவு வியப்பானது. ஜெர்மனியில் கட்டப்பட்ட பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்னும் இரு பயணிகள் கப்பல்களில், பத்து உருளைகள் கொண்ட டீசல் எஞ்சின்களுக்கு இக்கருவி பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 2,500 குதிரைத்திறன் தந்தது. நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான உயர்வு! பால்டிக் கடலில் மக்களை ஏற்றிச் சென்ற அக்கப்பல்கள் இரண்டும், போர்க்காலத்தில் 1941ஆம் ஆண்டு ஸ்வீடன் கடற்கரை அருகே கண்ணிவெடியில் சிக்கி ஒரே நாளில் மூழ்கின. கப்பல்கள் மூழ்கின, அவை நிறுவிய உண்மை மூழ்கவில்லை.

1926ஆம் ஆண்டு பியூகி சுல்சரை விட்டு வெளியேறித் தம் பெயராலேயே ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார். பாடன் நகரின் பிரவுன் போவரி நிறுவனம் கருவியைச் செய்தது. விண்டர்தூரின் ரயில் எஞ்சின் தொழிற்சாலை, சோதனைக்கு எஞ்சின்களைத் தந்தது. பொறியியல் பொறுப்பைப் பியூகி ஏற்றார். உலக நாடுகள் உரிமம் பெற்று அவர் முறையைக் கையாண்டன. 1938ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் லாரி எஞ்சினுக்கும் அதைப் பொருத்தியது. 1959ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள், எண்பது வயது நிறைந்த பியூகி, தாம் பிறந்த விண்டர்தூரிலேயே கண்மூடினார்.

கப்பலிலிருந்து கழனிக்கு

அவர் காணாமல் போன காட்சி ஒன்று உண்டு. அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் டி-19 என்னும் டிராக்டரை டர்போசார்ஜருடன் தொழிற்சாலையிலிருந்தே வெளியிட்டது. கப்பலில் பிறந்த கருவி கழனிக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலும் 1960களில் வந்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் ரயில் எஞ்சின், டர்போசார்ஜரின் துணையால்தான் 2,600 குதிரைத்திறன் தந்தது. ரயிலில் பயணம் செய்த நம் பெற்றோரும் பாட்டனாரும் பியூகியின் பெயர் அறியாமலே அவர் உழைப்பின் பயனைத் துய்த்தவர்கள்.

புதிய கருவியின் சிறப்பைக் கேள்விப்பட்ட உழவர்கள் பழைய டிராக்டர்களிலும் அதைப் பூட்ட விரும்பினர். அமெரிக்காவில் அதற்கென்றே உறுப்புத் தொகுதிகள் விற்பனைக்கு வந்தன. அளவறிந்து பொருத்தியவர்கள் பயனடைந்தனர். பேராசையால் டீசல் பம்பைத் திருகி வைத்தவர்களுக்குப் பிஸ்டன் உருகியது, பல்சக்கரம் உடைந்தது. அந்த ஆசை நம் ஊரையும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் ஊர் டிராக்டர்

நான் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். என் தந்தையார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், டிராக்டர் ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். அவர் ஓட்டும் டிராக்டர் என்னைவிட மூத்தது. அதில் மூன்று உருளை எஞ்சின்தான், டர்போ கிடையாது. ஆலை அரைக்கும் பருவத்தில் கரும்பு லோடும், மற்ற நாட்களில் உழவும் மலைப்பாரமுமாக அது எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்து வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒருவர், உடைத்த லாரியிலிருந்து எடுத்த டர்போவை ஒரு பட்டறையில் கொடுத்துத் தம் பழைய டிராக்டரில் பூட்டினார். டீசல் பம்பையும் கூட்டி வைத்தார்கள். முதல் சில நாட்கள் வண்டி மேட்டில் பறந்தது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. கரும்புப் பருவத்தின் நடுவில் ஒருநாள் லோடோடு நின்றது. பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்திருந்தது. எஞ்சினைச் சரிசெய்ய அவர் வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. அந்தப் பருவத்து வருமானமும் போயிற்று.

இதைப் பார்த்த பிறகும் எங்கள் டிராக்டரின் உரிமையாளருக்கு ஆசை விடவில்லை. பி.எஸ்ஸி. படிக்கும் மகனைக் கேட்டுச் சொல்லும்படி என் தந்தையாரிடம் கூறியிருந்தார். என் படிப்பை நம்பி ஒரு குடும்பத்தின் முதலீடும், எங்கள் வீட்டின் பிழைப்பும் காத்து நின்ற முதல் தருணம் அது. வகுப்பில் கற்றதை வைத்துக்கொண்டு, டிராக்டர் மெக்கானிக் ஒருவரையும் கலந்து, நான் கணக்கிட்டேன்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை சுழலக்கூடியது. அதற்கு எஞ்சினிலிருந்து இடைவிடாது எண்ணெய் போக வேண்டும். தடையின்றித் திரும்பவும் வேண்டும். லாரியின் பெரிய எஞ்சினுக்கென்று செய்த டர்போ சிறிய எஞ்சினுக்குப் பொருந்தாது, அளவொத்தது வேண்டும். அமுக்கிய காற்று சூடேறும். அதோடு டீசலையும் கூட்டினால் பிஸ்டன், ஹெட் காஸ்கட், ரேடியேட்டர் அனைத்தும் கூடுதல் வெப்பத்தைத் தாங்க வேண்டும். எஞ்சின் தாங்கினாலும் கிளச்சும் கியர் பெட்டியும் பழைய வலுவுக்காகச் செய்யப்பட்டவையே. நிறுத்துமுன் சிறிது நேரம் எஞ்சினை மெல்ல ஓடவிடாமல் சாவியை அணைத்தால் டர்போவின் தாங்கியில் எண்ணெய் கருகிவிடும். டீசலைக் கூட்டாமல் டர்போவை மட்டும் பூட்டினாலோ, புகை குறையுமே தவிர வலு அதிகம் கூடாது.

இவற்றையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் என் தந்தையார் புரிந்துகொண்டுவிட்டார். மாட்டுக்குத் தீவனத்தைக் கூட்டினால் மட்டும் பாரம் இழுக்காது; தோளும் நுகத்தடியும் அச்சும் தாங்க வேண்டும் என்று தம் வழக்கில் அவர் சொன்னார். பியூகி இருபது ஆண்டுகளில் கண்ட உண்மையை வண்டிமாடு ஓட்டிய அனுபவம் ஒரு நொடியில் தொட்டுவிட்டது!

டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நாசில்களைச் சோதித்து மாற்றினார்கள். டீசல் பம்பைச் சரியான அளவில் வைத்தார்கள். அடைத்துக் கிடந்த ஏர் கிளீனரைக் கழுவி எண்ணெய் மாற்றினார்கள். வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்கள். எஞ்சின் தனக்குரிய காற்றை முதலில் முழுமையாகப் பெற்றது. அடுத்த முறை மலை ஏறியபோது கரும்புகை வெகுவாகக் குறைந்திருந்தது. புதிய டிராக்டரின் வேகம் வந்துவிடவில்லை. ஆனால் பருவம் முழுவதும் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை.

முடிவுரை

டர்போவை நான் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். டர்போவுக்கென்றே வலுவூட்டிய பிஸ்டனும் குளிர்விப்பும் கொண்டு தொழிற்சாலையிலிருந்து வரும் எஞ்சின், குறைந்த பருமனில் அதிக வலுவைத் தருகிறது. பியூகியின் வெற்றி அதுவே. ஆனால் அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது கருவியை மட்டுமன்று, பொறுமையையும்தான். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முதுமொழி.

என்னைப் போல் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நண்பர்கள் இங்கே பலர் உள்ளனர். நமக்குப் பின்னே விளக்கு பிடிக்க எவரும் இல்லை. விரைவில் உயர வேண்டும் என்ற துடிப்போ மிகுதி. வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் ஆசை தவறன்று. ஆனால் தாங்கும் வலுவை அடிப்படைக் கல்வியால் முதலில் தேடிக்கொள்வோம். அதன் பின் எவ்வளவு உயர்ந்த மலையாயினும் ஏறலாம். வீண் என்று ஒதுக்கிய புகையிலும் ஆற்றலைக் கண்டவர் பியூகி. வசதி குறைந்த சிற்றூர்களிலிருந்து வந்த நம்மிடமும் ஆற்றல் உண்டு. அதை வீணே காற்றில் கரையவிடாமல், நாடு பயனுறும் வகையில் செலுத்துவோமாக!